வலப்பக்கம் உயர்ந்த நாற்காலி

என் மகளுக்கு முதல் பிறந்தநாள் வருவதற்குச் சற்று முன்னால் கடும் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டதும் பிள்ளை எழுந்துவிட்டாள். வலது கை எழவில்லை. தோளிலிருந்து சும்மா தொங்கியது. கிலுகிலுப்பையை அந்த உள்ளங்கையில் வைத்தால் விரல்கள் மூடாது, அது தரையில் விழுந்து உருளும். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு நடையாய் நடந்தோம். ஓராண்டு போன பிறகு அங்கிருந்த டாக்டர், "வர வேண்டியது வந்தாச்சும்மா. இனிமே இருக்கிற கையை வச்சுப் பழக்குங்க" என்றார். என் கணவர் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. வெளியே வந்ததும், "இவருக்கு என்ன தெரியும்? வேற ஆளைப் பாப்போம்" என்று சொல்லிவிட்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.

அப்போது நாங்கள் மலாய் நாட்டில், கஜா பேராங்கில் ஒரு பலகை வீட்டில் குடியிருந்தோம். கணவர் பஸ்ஸில் கண்டக்டர். நான் ஒரு வெள்ளைக்காரத் துரை வீட்டில் ஆயா. என் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டுத் துரைசாணியின் பிள்ளையைத் தூக்கி வளர்க்கப் போவேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் போகத்தான் வேண்டியிருந்தது. என் மகளைப் பார்த்துக்கொண்டது கணவரின் அக்கா. சின்ன வயதிலேயே புருஷனை இழந்து, பிள்ளையும் இல்லாமல் தம்பி வீட்டோடு வந்தவர். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். என் மகளைத் தூங்க வைத்தது, குளிப்பாட்டியது, ஊட்டியது எல்லாம் அவர்தான். பெற்றதுதான் நான். அதை நானே பலமுறை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன், கோபத்தில் சில முறை, மனசார சில முறை.

அண்ணிக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. உஜோங் பாசிரில் எண்ணெய் போட்டுக் கைகால் உருவிவிடுகிற ஒருவர் இருந்தார். அவர் சொல்லிவிட்டார்: நல்ல கையை அடக்கி வை, நோய்ப்பட்ட கை தானாக விழித்துக்கொள்ளும் என்று. அண்ணி அதை வேதமாக எடுத்துக்கொண்டார். காலையும் மாலையும் எண்ணெயைச் சூடு பண்ணி வலது கையைத் தேய்ப்பார். சாப்பாட்டு நேரத்தில் பிள்ளை இடது கையைத் தட்டுக்கு நீட்டினால் பட்டென்று ஒரு அடி விழும். "சீ! பீச்சாங்கையிலயா சோறு தொடுறது? அந்தக் கைய எடுத்து வா. எங்க, எடு பாப்போம் ராசாத்தி" என்பார். ராசாத்தி எப்படி எடுப்பாள்? கையைப் பார்ப்பாள், அத்தையின் முகத்தைப் பார்ப்பாள், பிறகு வாயைத் திறப்பாள். அண்ணி ஊட்டிவிடுவார்.

எங்கள் வீட்டில் மட்டும் இல்லை இது. கஜா பேராங்கில் எந்த வாசலில் போய்க் கேட்டாலும் சரி, தமிழரானாலும் மலாய்க்காரரானாலும், சோற்றில் இடது கை பட்டால் முகம் சுளிப்பார்கள். நானும் அப்படி வளர்ந்தவள்தான். புக்கிட் ரம்பாய்ப் பக்கத்துத் தோட்டத்து லயத்தில் இடக்கையால் ஒரு வாழைப்பழம் வாங்கியதற்காக என் அம்மா என் முழங்கையைக் கிள்ளிய வலி எனக்கு நினைவிருக்கிறது. அதனால் அண்ணியை ஒரேயடியாகக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. வந்தது, அது வேறு விஷயம்.

துரை வீட்டுப் பிள்ளைக்கு என்று ஒரு நாற்காலி இருந்தது. நீளமான நாலு கால், முன்னால் ஒரு தட்டுப் பலகை, கால் வைக்க ஒரு குறுக்குச் சட்டம். அவனை அதில் உட்காரவைத்து மேசையோரம் தள்ளிவிட்டால் பெரியவர்களோடு பெரியவனாகச் சாப்பிடுவான். இந்தக் கையில் கொஞ்சம், அந்தக் கையில் கொஞ்சம், தலைமுடியில் கொஞ்சம். யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். நான் பக்கத்தில் துணியோடு நின்று துடைத்துக்கொண்டிருப்பேன். என் மகளோ தரையில் உட்காரவைத்தால் வலப்பக்கமாகச் சாய்ந்து கவிழ்ந்துவிடுவாள், ஏனென்றால் ஊன்றிக்கொள்ள அந்தப் பக்கம் கை இல்லை. அதனால் யாராவது ஒருவர் மடியில்தான் அவள் சாப்பாடு. இரண்டு வயதாகியும் ஒரு வாய்ச் சோற்றைத் தானாக எடுத்துத் தின்றதில்லை.

ஒருநாள் துரைசாணி வெளியே போயிருந்தாள். அன்றைக்கு மகளைத் தூக்கிக்கொண்டு வேலைக்கு வந்திருந்தேன். சமையல்காரர் பார்க்காத நேரத்தில் அவளை அந்த நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்தேன். ஐயோ, அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், ராணி மாதிரி ஒரு பார்வை. அடுத்த நிமிஷம் வலப்பக்கமாகச் சரிந்தாள். கைப்பிடி இரண்டு பக்கமும் தாழ்வு. நான் பிடிக்காவிட்டால் தலைகுப்புற விழுந்திருப்பாள். இந்த நாற்காலி இவளுக்கு ஆகாது, இவளுக்கு வேறு மாதிரி வேண்டும் என்று அப்போதே எனக்குப் பட்டது.

வீட்டுக்கு வந்து பால் டின் வருகிற மரப்பெட்டி ஒன்றை எடுத்தேன். ஒரு பக்கத்துப் பலகையைப் பாதி வரை அறுத்துத் தாழ்வாக்கினேன். மறுபக்கத்தை உயரமாகவே விட்டு, உள்ளே பழைய கைலி ஒன்றை, சாரோங்கை, மடித்து வைத்தேன். உயர்ந்த பக்கம் அவளுடைய வலப்பக்கம். உட்காரவைத்தேன். சாய்ந்தாள், பலகை தாங்கிக்கொண்டது. செத்துக் கிடந்த அந்தக் கையை சாரோங்கின் மேல் எடுத்து வைத்தேன். நிமிர்ந்து உட்கார்ந்தாள். முன்னால் ஒரு பிஸ்கோத்தை வைத்ததும் இடது கை தானாகப் போய் எடுத்தது, வாய்க்குக் கொண்டுபோனது. நான் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்கட்டிலிருந்து வந்த அண்ணி அதைப் பார்த்தார். பிஸ்கோத்தைப் பிடுங்கி வலது உள்ளங்கையில் வைத்தார். அது கீழே விழுந்தது. குனிந்து எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது. பிள்ளை அழ ஆரம்பித்தாள்.

"விடுங்கண்ணி" என்றேன்.

"நீ பேசாம இரு. நான் பாத்துக்கிறேன்" என்றார் அவர்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். ஆனாலும் அன்றைக்கு அடக்கிக்கொண்டேன். மனசுக்குள் நாற்காலி ஏற்கெனவே எழுந்து நின்றுவிட்டது.

என் யோசனை இதுதான். நீளக் கால் உள்ள நாற்காலி ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் உதவும். பிள்ளை வளர்ந்துவிட்டால் அதில் முழங்கால் இடிக்கும். ஆனால் சாதாரண நாற்காலியில் உட்கார்ந்தால் மோவாய்தான் மேசைக்கு எட்டும், கை எட்டாது. அதனால் இருக்கையை ஒரு பெட்டி மாதிரி தனியாகச் செய்து, கால்களின் மேல் நாலு மர ஆப்புகளால் பூட்ட வேண்டும். வளர்ந்ததும் ஆப்பைத் தட்டிக் கழற்றிவிட்டுப் பெட்டியை மட்டும் சாதாரண நாற்காலிமேல் வைத்து வாரால் கட்டிவிடலாம். பின்னால் பள்ளிக்கூடத்துப் பெஞ்சிலும் கட்டலாம். அப்போது நாற்காலிக்கே முதுகு இருப்பதால் முதுகுப் பலகையும் கழற்றும்படி இருக்க வேண்டும், தட்டுப் பலகையும் அப்படியே. இவ்வளவையும் அடுப்புக் கரியால் சமையல்கட்டுத் தரையில் வரைந்து வைத்தேன். வந்து பார்த்த என் கணவர், "என்ன, கோயில் தேர் செய்யப் போறியா?" என்று சிரித்தார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. மகள் விழாமல் உட்கார்ந்தால் அவருக்கும் நிம்மதிதானே.

தச்சர் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி செட்டிக் கம்பம் என்ற குடியிருப்பில் இருந்தார். எங்களைப் போலவே திருநீறு பூசுகிறவர், மாரியம்மனைக் கும்பிடுகிறவர், பேசுவது மட்டும் மலாய். அண்ணன் என்கிற அர்த்தத்தில் அபாங் என்று கூப்பிட்டு, எனக்குத் தெரிந்த மலாயை வைத்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அபாங், கனான் பக்கம் உயரம். கிரி பக்கம் தாழ்வு" என்று என் வலது கையையும் இடது கையையும் தட்டித் தட்டிக் காட்டினேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, கிரிக் கை திறந்திருந்தால் பிள்ளை அந்தக் கையால் சாப்பிடுமே என்றார். ஆமாம், அதற்குத்தான் என்றேன். அவருக்கு நன்றாகப் புரிந்தது. புரிந்ததுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த சமயம் அது. டவுனில் கொடியும் தோரணமும் தொங்கின. கணவரின் பஸ் முகப்பில்கூடக் காகிதக் கொடி கட்டியிருந்தார்கள். துரை வீட்டில் பெட்டி பெட்டியாகச் சாமான் கட்டிக்கொண்டிருந்தார்கள், எனக்கு வேலை இன்னும் எத்தனை நாள் என்று யாரும் சொல்லவில்லை. ஊரெல்லாம் இனி நம்ம காலம் என்று பேசியது. என் மகளுக்கு ஒரு வாய்ச் சோறு தானாகத் தின்ன முடியுமா என்பதைத் தவிர என் மண்டையில் வேறு எதுவும் இல்லை.

நாற்காலி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. வேலைப்பாடு அழகு. உளி பட்ட தடமே தெரியாமல் இழைத்திருந்தார். தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டேன். இடப்பக்கம் அக்குள் உயரத்துக்குப் பலகை. வலப்பக்கம் தாழ்வு.

"அபாங், மாத்திச் செஞ்சிட்டீங்களே!" என்றேன்.

அவர் அண்ணியைப் பார்த்தார். நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், பிள்ளையின் கால் அளவை இன்னொரு தடவை சரிபார்க்கத் தச்சர் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். அண்ணி, இடப்பக்கத்தை அடைத்துவிடு என்று சொல்லியிருக்கிறார். அவருக்கும் அதுதான் முறையாகப் பட்டது. அம்மாக்காரி ஏதோ கவலையில் உளறினாள், பெரியவர் சொன்னதுதான் சரி என்று நினைத்துக்கொண்டார். "யார்தான் கிரிக் கைக்கு நாற்காலி செய்வாங்க?" என்று மலாயில் என்னையே கேட்டார். அவரை என்ன சொல்வது?

அதற்குள் அண்ணி பிள்ளையை உட்காரவைத்துவிட்டார். இடது கை பலகைக்கும் உடம்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. வெளியே எடுக்கப் பார்த்தாள், முடியவில்லை. உடம்பு வலப்பக்கம் சாய்ந்தது. நான் பாய்ந்து பிடித்தேன், ஆனாலும் மோவாய் தட்டுப் பலகையில் இடித்து உதடு கிழிந்தது. வாயெல்லாம் ரத்தம்.

"திருப்தியா?" என்று கத்தினேன். "இப்ப உங்களுக்குத் திருப்தியா அண்ணி?"

"சாய்ஞ்சாத்தானே அந்தக் கை ஊனும்!" என்று அவரும் கத்தினார். "ஊன வேண்டிய அவசியம் வந்தாத்தான் அதுக்கு உசிரு வரும். நீ என்னடான்னா அந்தக் கையைப் படுக்க வைக்க மெத்தை போடுறே. உசிரோட இருக்கிற கைக்குக் கொள்ளி வைக்கிறியாடி நீ? பெத்தவதானே நீ?"

அந்த வார்த்தை என்னை அடித்துப் போட்டது. என் கணவர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ரத்தத்தைத் துடைத்தார். "கொஞ்ச நாளு அக்கா சொல்றபடிதான் பாப்போமே. வந்துட்டா நல்லதுதானே" என்றார். நல்லதுதான். எனக்கும் அது வர வேண்டாமா? சரி என்று தலையாட்டினேன்.

தாழ்ந்த பக்கத்தில் தலையணையைச் செருகி, வயிற்றைச் சுற்றித் துணி கட்டி, அவளைத் தினமும் அதில் உட்காரவைத்தார் அண்ணி. முன்னால் தட்டில் சோறு. ஊட்டக் கூடாது, தானாக எடுக்கட்டும் என்று உறுதியாக இருந்தார். கல்நெஞ்சு என்று நினைத்துவிடாதீர்கள். பிள்ளை பட்டினி கிடந்த நேரத்தில் அவரும் பட்டினிதான். பசியாறியாச்சா என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கடைசியில் மனசு கேட்காமல் ஒரு கிண்ணம் பால் புகட்டுவார். அடுத்த வேளை மறுபடியும் அதே போராட்டம். எண்ணெய் தேய்த்துத் தேய்த்து அவருடைய விரல்களே மஞ்சளாகிவிட்டிருந்தன. வலது கை மட்டும் அசையவில்லை. பிள்ளையின் கன்னம் ஒட்டிப்போயிற்று.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே தெரிந்தது. என் மகள் இடுப்புக் கட்டோடு முன்னால் வளைந்து, முகத்தைத் தட்டுக்குள் வைத்து, நாக்கால் சோற்றை நக்கித் தின்றுகொண்டிருந்தாள். ஒரு கை அடைபட்டிருந்தது, ஒரு கை செத்திருந்தது, பசித்த பிள்ளை வேறு என்ன செய்யும்? மூக்கெல்லாம் பருக்கை. அண்ணி எதிரே தரையில் உட்கார்ந்து, வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கட்டை அவிழ்த்துப் பிள்ளையைத் தூக்கிச் சுவர் மூலையில் சாய்த்து உட்காரவைத்தேன். பின்கட்டுக்குப் போய் அம்மிக் குழவியை எடுத்துக்கொண்டு வந்தேன்.

"என்னடி செய்யப் போறே?" என்று அண்ணி பதறி எழுந்தார். உடைக்கப் போகிறேன் என்று நினைத்தார். உண்மையைச் சொன்னால், உடைக்கத்தான் எடுத்து வந்தேன். ஆனால் குழவியை ஓங்கியபோது கண்ணில் பட்டது அந்த ஆப்பு. நான் கேட்டு வாங்கிய ஆப்பு. இருக்கைப் பெட்டி தனி, கால் தனி. முதுகுப் பலகையும் தட்டுப் பலகையும் தனித்தனி. இப்படிப் பெட்டியை முன்பின்னாகத் திருப்பி வைத்தால், இடப்பக்கத்துப் பலகை வலப்பக்கம் வந்துவிடாதா? முதுகு இருந்த இடத்தில் தட்டு, தட்டு இருந்த இடத்தில் முதுகு. அடக் கடவுளே, இவ்வளவு நாள் இது தோன்றவில்லையே!

தட்டினேன். ஒவ்வொரு ஆப்பாகத் தெறித்து விழுந்தது. பெட்டியைத் தூக்கித் திருப்பிக் கால்களின் மேல் இறக்கினேன். தட்டுப் பலகை பொருந்திக்கொண்டது. முதுகுப் பலகைக்குத் துளை சேரவில்லை, கொடிக்கயிற்றை அவிழ்த்து இறுக்கிக் கட்டினேன். சாரோங்கை மடித்து உயர்ந்த பக்கத்தில் வைத்தேன். அண்ணி தடுக்கவில்லை. ஆப்பு ஒன்று உருண்டு அவர் காலடிக்குப் போனது. குனிந்து எடுத்தார், எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

பிள்ளையை உட்காரவைத்தேன். வலது கையை எடுத்துச் சாரோங்கின் மேல் வைத்தேன். புதிதாகச் சோறு போட்டு, ரசம் ஊற்றி, பொரித்த நெத்திலி இரண்டை உதிர்த்துப் பிசைந்து தட்டில் வைத்தேன். அவள் தொடவில்லை. அத்தையைப் பார்த்தாள். அடி விழுமா என்று பார்க்கிறாள். இடது கையை மெல்லத் தூக்கினாள், பாதி வழியில் நிறுத்தினாள், மறுபடி அத்தையைப் பார்த்தாள்.

அண்ணி அசையாமல் நின்றார். "அண்ணி, ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் சொன்னா அவ கேக்க மாட்டா" என்று கெஞ்சினேன். நான் கெஞ்சுகிறவள் இல்லை. அன்று கெஞ்சினேன்.

"தின்னு தங்கம்" என்றார் அண்ணி.

கை இறங்கியது. அள்ளினாள். பாதி கீழே சிந்தியது, பாதி வாய்க்குப் போனது. மறுபடி அள்ளினாள். பசி பாவம், மென்று முடிக்காமலே அடுத்த பிடி. கன்னத்தில், காதோரத்தில், கழுத்தில் எல்லாம் ரசம் வழிந்தது. துடைக்க எனக்குத் தோன்றவில்லை. கொஞ்சம் பசி அடங்கியதும் ஒரு பிடியை எடுத்தவள் தன் வாய்க்குக் கொண்டுபோகாமல் அத்தையின் பக்கம் நீட்டினாள். "அத்த, ஆ" என்றாள். அத்தை அவளுக்கு ஊட்டும்போது சொல்கிற ஆ.

இடது கையால் நீட்டிய வெற்றிலையைக்கூட வாங்காமல் திரும்பிய மனுஷி அவர். அந்தச் சின்னக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பருக்கைகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. இப்போது இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் என் பிள்ளை இந்தக் கையை இனிமேல் நீட்டவே மாட்டாள்.

அண்ணி குனிந்து வாயைத் திறந்தார். பிள்ளை ஊட்டினாள். மென்றார், விழுங்கினார். சாரோங்கின் மேல் கிடந்த வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டார். அதன்மேல் ஒட்டியிருந்த பருக்கையைத் துடைத்துவிட்டார். என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"இது போயிடுச்சு, இல்ல?"

அத்தனை நாள் சண்டை போட்டது நான்தான். ஜெயித்ததும் நான்தான். அந்தக் கேள்விக்கு, தெரியலையே அண்ணி என்று சொல்லிவிடலாமா என்று என் மனசு அலைந்தது. நானும் ஒவ்வொரு நாள் காலையிலும் பிள்ளை கண் விழிக்கும் முன் அந்த விரல்களைத்தான் முதலில் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அவருக்குத் தெரியாது.

"ஆமாண்ணி" என்றேன். "போயிடுச்சு."

அவர் அந்தக் கையை விடவில்லை. நான் நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளை மேலிருந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள், பிறகு தட்டில் மிச்சமிருந்த சோற்றைத் தானாகத் தின்று முடித்தாள்.